இடாப்பில் நான்காவது பெயர்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக்காரருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக். விடியவே போய்ப் பெயர் எழுதிய கிளினிக் காட்டைக் கொடுத்து வாங்கில் இடம் பிடித்தால்தான் மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். போன மாதம் நான் அப்படி இடம் பிடித்து இருந்தபோது, மிஸ்ஸி ஒவ்வொரு காட்டாக எடுத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், தாதி வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிராது. ஒரு பெயருக்குப் பதில் இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். எனக்கு முன் வாங்கில் இருந்த மனுசி தலையைத் திருப்பாமலே, “அவா வாறா மிஸ்ஸி” என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கை கால் குளிர்ந்துவிட்டது. சீனி இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அறுபது வருடமாக அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வருகிறவள் நான் என்று முன்பின் தெரியாத மனிதரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு இருபது வயது நடக்கும்போது அப்பா இறந்துபோனார். எனக்குக் கீழே மூன்று தம்பிமார். வடமராட்சியில் எங்கள் வீட்டில் படிப்பு இருந்தது, உழைப்புத்தான் இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் முக்கால்வாசி மிஷன்காரர் கையிலும் சைவ சபைக்காரர் கையிலும் இருந்தன. கட்டடம் அவர்களுடையது, வாத்திமாரை நியமிப்பதும் அவர்கள், ஆனால் வாத்திமாருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. உதவி பெறும் பாடசாலை என்று அதற்குப் பெயர். சைவப் பள்ளிக்கூடங்களில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. மிஷனில் இடம் இருந்தது, ஆனால் வேதக்காரரான கிறிஸ்தவருக்குத்தான். அரசாங்கம் சம்பளத்தைக் கொடுத்தது, மிஷன் வேலையைக் கொடுத்தது, நான் என் நெற்றித் திருநீற்றைக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் தண்ணீர் வார்த்து என் பெயருக்கு முன்னால் புதுப் பெயர் ஒன்றைச் சேர்த்தார்கள். அம்மா குசினிக்குள் இருந்து அழுதார், பிறகு வெளியே வந்து என் பெட்டியை அடுக்கித் தந்தார். ஊரில் அப்போது இது புதினமான காரியமே அல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே சம்பளத்துக்கு வேதமும் சாமி அறைக்குச் சைவமுமாக இரண்டு வாத்திமார் இருந்தார்கள்.

என்னை அனுப்பிய பள்ளிக்கூடம் அக்கராயன் குளத்துக்கு அப்பால், காடு வெட்டிக் குடியேறிய ஒரு கொலனியில் இருந்தது. அரைச்சுவர், மேலே கிடுகுக் கூரை, மண் தரை. பெரிய வாத்தியாரும் நானும்தான் ஆசிரியர்கள். பெரிய வாத்தியார் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர், நல்ல மனிதர், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டார். கொலனிச் சனம் எல்லோரும் வடக்கே தீவகற்பத்திலிருந்து காணிக்காக வந்த சைவர்கள். ஆனால் குளத்தைச் சுற்றிச் சைவப் பள்ளிக்கூடம் ஒன்றும் அப்போது இல்லை. அதனால் சைவப் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அரசாங்கச் சம்பளத்தில், வேதம் மாறின சைவத்தி ஒருத்தியிடம் வேதபாடம் படித்தார்கள். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது ஒருவருக்கும் வரவில்லை.

முதல் பாடம் வேதபாடம். பிள்ளையின் சமயம் வேறு என்று தாய் தகப்பன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை அதில் இருத்தக் கூடாது என்று சட்டம் இருந்தது. அப்படி மறித்த பிள்ளைக்கு வரவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, வேதபாடம் முடிந்து மணி அடித்த பிறகுதான் இடாப்பு எடுத்துப் பெயர் கூப்பிடுவோம். கொலனியில் ஒரேயொரு கடிதம்தான் வந்தது. படிப்புத்தானே, காதால் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். கடிதம் எழுதுவித்தவர் காணி துப்புரவாக்கிய முதல் நாளே மரத்தடியில் ஒரு கல்லை நட்டுப் பிள்ளையாராக்கியவர், வைராக்கியக்காரர். கொலனிக் கந்தோர் கிளாக்கரைக் கொண்டு எழுதுவித்து மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அவள் அதை இரண்டு கையாலும் நீட்டினாள். கடிதத்தின் கீழே இரண்டு பெருவிரல் அடையாளங்கள் இருந்தன.

அவர்களுடைய மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, கூப்பிட வேண்டியதற்கு மேலாகவே கூப்பிட்டுவிட்டேன். வேதபாடம் முடியும் வரை வெளியே பாலை மரத்தடியில் தனியே இருப்பாள். அரைச்சுவர்தானே, நான் சொல்வதெல்லாம் அங்கே கேட்கும். ஒருநாள், வெள்ளத்தில் மிதந்த பெட்டகத்தைக் கட்டியது யார் என்று வகுப்பில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மரத்தடியிலிருந்து, “நோவா, ரீச்சர்” என்று குரல் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. தகப்பன் அறிந்தால் என்ன ஆகும் என்று பயந்து நான் கேட்காததுபோல இருந்தேன், ஆனால் உள்ளே எனக்குச் சந்தோசம். என்னிடம் வேதம் முழுவதையும் ஒழுங்காகப் படித்த ஒரே பிள்ளை அவள்தான்.

இடாப்பில் அவள் நான்காவது பெயர். மணி அடித்ததும் நான் கூப்பிடத் தொடங்கிவிடுவேன். அவள் பாவாடையைத் தட்டி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் நான்காவது பெயர் வந்துவிடும். அப்போது வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிநேகிதி, “வாறாள் ரீச்சர்” என்பாள். நான் வரவு போடுவேன். நான் ஐந்தாவது பெயரைக் கூப்பிடும்போது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இருப்பாள். இது எங்கள் வழமை. கிட்டத்தட்ட ஒரு வருடம் மாறாமல் நடந்தது.

மாரியில் மழை பெய்தால் சிலேட் துடைக்க வேண்டும், தண்ணீர்ப் பானையைப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது சாட்டுச் சொல்லி அவளை உள்ளே எடுத்துவிடுவேன். பெரிய வாத்தியார் கண்டும் காணாமல் இருப்பார். ஆனால் ஒரு மழை நாளில் மனேச்சர் வந்திருந்தார். மனேச்சர் என்றால் மிஷன் சார்பில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்ப்பவர், என் வேலை அவர் கையெழுத்தில் இருந்தது. வகுப்பில் கதிரை போட்டு உட்கார்ந்து நான் வேதபாடம் படிப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே தூறல் பிடித்து, பிறகு மழையாகப் பெய்தது. அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றாள். என்னைப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். புதிதாக மாறினவள், சைவப் பிள்ளைக்கு இரங்குகிறாள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. கடிதம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேதத்தில் வரும் கானாவூர்க் கலியாணக் கதையைச் சொல்லி முடித்தேன். மணி அடித்தது. “வாறாள் ரீச்சர்” என்றாள் சிநேகிதி. அவள் சொட்டச் சொட்ட ஓடி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இருந்தாள்.

அந்தக் கிழமை முடியவில்லை, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கைவைத்தியம் பார்த்தார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு மாட்டு வண்டிலில் கிளிநொச்சிக்குக் கொண்டு போனார்கள், வாய்க்கால் உடைத்து றோட்டில் தண்ணீர் நின்றதால் வண்டில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு போகவே இல்லை, வழியிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். மழையில் நனைந்ததால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. வன்னியில் மாரி மழைக்கு நனையாத பிள்ளை ஏது என்று நானும் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவள் மரத்தோடு ஒட்டி நின்று என்னைப் பார்ப்பது தெரியும்.

செத்த வீட்டுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம். மணி அடித்தது. இடாப்பைத் திறந்து கூப்பிட்டேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. வாய் பழக்கத்தில் நான்காவது பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். அதே பழக்கத்தில், குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த சிநேகிதி, “வாறாள் ரீச்சர்” என்றாள். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் மரத்தடிப் பக்கமாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கை அதற்குள் வரவைப் போட்டுவிட்டிருந்தது.

அன்றைக்குப் பின்னேரமே நான் அதை வெட்டியிருக்க வேண்டும். பெரிய வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வழக்கம்போல என்னைப் பாராமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“பேரை இப்ப வெட்டாதேங்கோ ரீச்சர். வித்தியாதரிசி வந்து பார்த்திட்டுப் போகட்டும்.”

காரணம் எனக்குத் தெரியும். வித்தியாதரிசி என்றால் வந்து இடாப்பையும் பிள்ளைகளின் தலையையும் எண்ணிப் பார்க்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர். இத்தனை பிள்ளைகள் நாளாந்தம் வந்தால்தான் இரண்டாவது ஆசிரியருக்கு அரசாங்கம் சம்பளம் தரும். நாங்கள் அந்தத் தொகையின் விளிம்பில் நின்றோம். குளத்துக்கு அக்கரையில் சைவ சபைக்காரர் பள்ளிக்கூடம் போடப்போவதாகக் கதை வேறு அடிபட்டது. ஒரு பெயர் குறைந்தாலும் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பெயரை வெட்டாமல் விட்டேன். மற்றப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அந்தப் பெயருக்கு மட்டும் பேசாமல் வரவு போட எனக்குத் துணிவில்லை, அது களவு என்று பட்டது. கூப்பிட்டால் ஏதோ வழமை என்று மனதைச் சமாளிக்கலாம். அதனால் கூப்பிட்டேன். சிநேகிதியும், ஏன் என்று கேட்காமல், பதில் சொல்லிவந்தாள். தை பிறந்து புது இடாப்பு எழுதியபோது என் கையாலேயே அவளை மூன்றாம் வகுப்புக்கு ஏற்றினேன்.

மாசியில்தான் நான் தாயைக் கண்டேன். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலியோரம் நின்றாள். பெயர் கூப்பிட்டு முடித்ததும் போய்விட்டாள். அடுத்த நாளும் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள். எனக்கு நித்திரை போய்விட்டது. அவள் போய்ப் புருசனிடம் சொன்னால், அவர் சைவ சபைக்காரரிடம் சொன்னால், மேலிடத்துக்கு எழுதிப் போடும் ஒரு பெட்டிசத்தோடு எல்லாம் முடிந்துவிடும். செத்த பிள்ளையைக் காட்டி அரசாங்கச் சம்பளம் வாங்கினவள் என்று பெயர் வரும். போய்க் கதையுங்கோ என்று பெரிய வாத்தியார் என்னை அனுப்பினார். இடைவேளையில் வாய்க்கால் கரையில் அவளைக் கண்டு, மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“அக்கா, நான் செய்தது பிழை. நாளைக்கே அந்தப் பேரை…”

“ஐயோ, நிப்பாட்டிப் போடாதேங்கோ ரீச்சர்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

“வீட்டில அவளின்ர பேரைச் சொல்ல மனுசன் விடுறாரில்லை. சொன்னா எழும்பி வெளியில போயிடுவார். அவளின்ர உடுப்பு, சிலேட் எல்லாத்தையும் குளத்துக்கை போட்டிட்டார். இஞ்ச மட்டும்தான் ரீச்சர் ஒருத்தர் கூப்பிடுறியள். அந்தப் பிள்ளை வாறாள் எண்டு சொல்லுது. அதைக் கேட்டிட்டுப் போனா எனக்கு அண்டைக்கு வேலை ஓடும்.”

அதற்குப் பிறகு நான் நான்காவது பெயரைக் கொஞ்சம் உரத்தே கூப்பிட்டேன். வேலி வரை கேட்கட்டும் என்றுதான். அவள் கேட்பாள், தலையை ஒருமுறை ஆட்டிக்கொள்வாள், போய்விடுவாள். செய்வது நன்மை என்று எனக்கு நானே நம்பிக்கொண்டேன். அந்த நன்மையால் மாதம் தவறாமல் வந்த சம்பளத்தில் தம்பிமார் படித்தார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

வித்தியாதரிசி வெயில் காலத்தில் வந்தார். காலையிலேயே வந்து, நான் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் நின்று தலைகளை எண்ணினார். நான்காவது பெயரைக் கூப்பிட்டேன். சிநேகிதி எழுந்து நின்று, “வாறாள் சேர்” என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, எனக்காகப் பொய் சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுக்கு அது பொய்யா என்றே எனக்குத் தெரியாது. வித்தியாதரிசி அரைச்சுவருக்கு மேலால் வெளியே பார்த்தார். வேலியோரம் தாய் நின்றாள்.

“உங்கட பிள்ளையோ? எங்கே பிள்ளை?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாலை மரத்தைப் பார்த்தாள்.

“ஓம் ஐயா. பின்னால வாறாள்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு என் இடாப்பில் கையெழுத்து வைத்தார். என் வேலை நிலைத்தது. அந்தத் தாய் தன் வாயால் அதைச் சொல்ல என்ன பாடுபட்டிருப்பாள் என்று பிறகு நான் பிள்ளை பெற்றபோதுதான் விளங்கியது.

அந்த வருடக் கடைசியில் உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. தெற்கே தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடங்களுக்குள் போயிருந்து மறித்தார்களாம் என்று பேப்பரில் பார்த்தோம். எங்களிடம் ஒருவரும் மறிக்கவில்லை. ஒரு கிளாக்கர் வந்து வாங்குகளையும் கதிரைகளையும் பட்டியல் எழுதிக்கொண்டு போனார். பெரிய வாத்தியார் மாற்றலாகிப் போனார், போகும்போது முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். புதிதாக வந்த தலைமையாசிரியர், இனி அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம்தான் என்றார். என்னைப் பார்த்து, “நீங்கள் சைவம் படிப்பிப்பியளோ?” என்று கேட்டார். அடுத்த நாள் திருநீறு பூசிக்கொண்டு போனேன். யார் பணத்தில் யார் சமயத்தைப் படிப்பிப்பது என்று இன்றைக்கும் பேப்பரில் எழுதுகிறார்கள், கூட்டத்தில் சண்டை பிடிக்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றவள் நான். ஒன்று மட்டும் தெரியும், இனி மழையில் வெளியே நிற்க வேண்டிய பிள்ளை ஒன்றும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. அது நல்ல சட்டம். ஒரு வருடம் பிந்தி வந்தது.

தையில் அரசாங்கத்தின் புது இடாப்பு வந்தது. இருக்கிற பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதச் சொன்னார்கள். என் வேலை இப்போது அரசாங்க வேலை, ஒரு தலை குறைந்தால் போய்விடாது. உண்மையைச் சொல்வதானால், எனக்கு இனி அந்தப் பிள்ளை தேவைப்படவில்லை. மூன்றாவது பெயருக்குக் கீழே ஐந்தாவது பெயரை எழுதினேன். எழுதாவிட்டாலும் வாயால் கூப்பிட்டிருக்கலாம், யார் தடுத்தார்கள்? முதல் நாளே தாயிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒரு பொய்யிலிருந்து விடுபட்டுவிட்டேன் என்ற ஆறுதலோடு அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

மறுநாள் முதல் பாடமாகத் தேவாரம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். மணி அடித்தது. வேலியோரம் புல்லுக்கட்டோடு அவள் நின்றாள். மூன்றாவது பெயரைக் கூப்பிட்டு, அடுத்ததைக் கூப்பிட்டேன். சிநேகிதி வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நான் தலையை நிமிர்த்தாமல் கடைசிப் பெயர் வரை போய் இடாப்பை மூடினேன். தாய் இன்னும் நின்றாள். பிறகு, பள்ளிக்கூடத்தைக் குழப்பக் கூடாது என்ற பணிவோடு, வேலிக்கு அங்காலிருந்து சொன்னாள்.

“ரீச்சர், ஒரு பேர் விடுபட்டுப் போச்சு.”

நான் எழுந்து வேலியடிக்குப் போனேன். “அது பழைய இடாப்பு அக்கா. இது அரசாங்கத்தின்ர” என்றேன். அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

“ஓ” என்றாள். புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வேலிப் பக்கம் வரவே இல்லை. நான் அங்கே இன்னும் நான்கு வருடம் படிப்பித்தேன். வழியில் கண்டால் ஒதுங்கி எனக்கு இடம் விடுவாள். மரியாதைக்குக் குறைவில்லை.

கிளினிக்கில் மிஸ்ஸி மூன்றாம் முறையும் கூப்பிட்டுப் பார்த்தாள். முன் வாங்கு மனுசி, “வாறா எண்டுதானே சொன்னவா” என்று முணுமுணுத்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. வராதவர்களின் காட்டை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி மிஸ்ஸி அந்தக் காட்டைப் புறம்பாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அடுத்தது என் காட்டு. மிஷன் வைத்த பெயரையும் சேர்த்து, முழுப் பெயராகக் கூப்பிட்டாள். அரசாங்கத் தாள்களில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, அதை ஒருவரும் வெட்டவில்லை. நான் எழுந்து மேசையடிக்குப் போனேன்.

“இருங்கோ அம்மா” என்றாள் மிஸ்ஸி.

“என்னைப் பிறகு பாருங்கோ பிள்ளை” என்றேன். “அந்தப் பேரை இன்னொருக்காக் கூப்பிடுங்கோ.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வயசான மனுசி என்று நினைத்திருப்பாள். ஒதுக்கி வைத்த காட்டை எடுத்து, அலுப்போடு, ஆனால் உரத்தே கூப்பிட்டாள்.